சிங்கப்பூர்ல கார் தொல்லை இல்லாம கிராவல் சைக்கிள் ஓட்ட இடம் இருக்கா?

நவம்பர் 8, காலை

வாசகர் ஒருத்தர் போட்ட கேள்வி, அப்படியே கீழ (கிராவல்னா சரளை, கிராவல் பைக்னா சரளைலயும் மண்ணுலயும் ஓட்ட அகல டயர் போட்ட சைக்கிள், பார்க் கனெக்டர்னா பூங்காவையும் பூங்காவையும் இணைக்கிற பாதை):

"சிங்கப்பூர்ல கிராவலே கிடையாது, எல்லாம் சிமெண்ட் போட்ட பார்க் கனெக்டர்தான். இங்க போய் கிராவல் பைக் வாங்குறது காசைக் கரைக்கிற வேலை. இல்லன்னு சொல்றவங்க எங்க ஓட்டுறீங்கன்னு சொல்லுங்க பாப்போம்."

நவம்பர் 8, ராத்திரி

சொல்றேன். சரளைக்கல்லு மட்டும்தான் வேணும்னு தேடினா நீங்க சொல்றது பாதி நெசம், இங்க கிடைக்கிறது துண்டு துண்டாத்தான் கிடைக்கும். ஆனா நான் அந்த பைக்ல ஏர்றது சரளைக்காக இல்ல, பின்னாடி லாரி உறுமாம ஓட்டணும்னுதான். இந்த ஊர்ல கார் இல்லாம நீளமா போற கோடு மூணே வகை. தண்ணி ஓடுற கால்வாய் ஓரம், ரயில் ஓடின பழைய தடம், நீர்ப்பிடிப்பு காட்டை ஒட்டின பாதை. மூணும் வேற வேற தரை, ஒண்ணு வழவழ சிமெண்ட், ஒண்ணு புல்லும் பொடிக்கல்லும், ஒண்ணு வேரும் செம்மண்ணும். மூணையும் ஒரே காலைல ஒரே சைக்கிள்ல கோர்த்து ஓட்டணும்னா மெல்லிசு டயர் ரோட் பைக் காட்டுல திணறும், சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்குற ஸ்பிரிங்) வச்ச எம்டிபி, அதான் மவுண்டன் பைக், சிமெண்ட்ல இழுக்கும். அந்த நடுவுலதான் கிராவல் பைக் நிக்குது. அதனால கேள்வியை கொஞ்சம் திருப்பிக்கோங்க, சரளை எவ்ளோ இருக்குன்னு பாக்காதீங்க, கோர்க்க முடியுதான்னு பாருங்க.

இன்னொண்ணு, எம்ஆர்டில மடக்குற சைக்கிள் மட்டும்தான் ஏத்தலாம். முழு சைக்கிளை ரயில்ல கொண்டுபோய் இறக்கி ஓட்ட வழியே இல்ல. வீட்டு லிப்ட்ல இறங்கினதுல இருந்தே ஓட்டித்தான் ஆகணும், அதனாலயும் இந்த கோர்க்கிற விஷயம் முக்கியம்.

நவம்பர் 10

நான் சொன்ன பழைய ரயில் தடம், அதான் ரயில் காரிடார், அதைப் பத்தி எழுதச் சொல்லி நாலஞ்சு பேர் கேட்டுட்டீங்க. நானே எழுதணும்னு இருந்தேன்.

தஞ்சோங் பகார்ல இருந்து உட்லண்ட்ஸ் வரைக்கும் 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயில் கிளம்பிச்சு, ஜோகூர் சுல்தானே எஞ்சினை ஓட்டிட்டுப் போனார், மறுநாள் ஜூலை 1 மலேசிய ரயில்வே கையில இருந்த நிலம் சிங்கப்பூர் கைக்கு வந்துச்சு. அப்புறம் தண்டவாளத்தைப் பிரிச்சு எடுத்துட்டாங்க, அடையாளத்துக்கு கொஞ்சம் புக்கிட் தீமா ஸ்டேஷன்லயும் இரும்புப் பாலத்து மேலயும் விட்டு வச்சிருக்காங்க. அந்த ஸ்டேஷனை பழுது பாத்து 2022 ஜூலைல திறந்தாங்க. ஒத்தத் தண்டவாளம்தானே, எதிரெதிர் ரயில் ஒண்ணை ஒண்ணு விலகினது அங்கதான், டிரைவர் கையில டோக்கன் (முன்னாடி தடம் காலி, போகலாம்னு அர்த்தம்) மாத்திக் கொடுத்ததும் அங்கதான்.

ஓட்டுறவங்களுக்கு இதுல என்ன லாபம்னா மேடு. ரயிலால செங்குத்தா ஏற முடியாது, அதனால தடம் போட்டவங்க மேட்டை வெட்டி பள்ளத்தை நிரவி இழுத்துருக்காங்க. பக்கத்துலயே அப்பர் புக்கிட் தீமா ரோடு ஏறி எறங்கிக்கிட்டு கிடக்கும், நீங்க கீழ கிட்டத்தட்ட சமதளத்துல போய்க்கிட்டு இருப்பீங்க. ரோட்டையும் பாதி இடத்துல தாண்டவே வேணாம், ரயிலுக்காக கட்டின பாலமும் அடிவழியும் இப்போ நமக்காக நிக்குது. இத்தனை வண்டி ஓடுற ஊர்ல, நடு ஊர்ல, சிக்னலே இல்லாம இவ்ளோ தூரம்! எனக்கு இன்னும் ஆச்சரியமாத்தான் இருக்கு.

எனக்கு இதுல சொந்தப் பாசமும் உண்டு, மறைக்கல. எங்க தாத்தா மலாயன் ரயில்வேல தடம் பராமரிக்கிற கேங்ல இருந்தவர். குவீன்ஸ்வே பக்கம் ரயில்வேல வேலை பாத்த நம்ம ஆளுங்க 1932-ல தண்டவாளத்து ஓரமா சின்னதா ஆரம்பிச்ச முனியாண்டி கோயில்தான் இப்ப காமன்வெல்த் டிரைவ்ல பெருசா நிக்கிற ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். காரிடார்ல தெற்கே இறங்கும்போது அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிட்டு வாங்க. இந்தத் தடத்தைப் போட்ட கையும் காத்த கையும் யாரோடதுன்னு நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியணும்.

தரை: நடுப்பகுதி, ஹில்வியூல இருந்து புக்கிட் தீமா வழியா கீழ வர்றது, பொடிக்கல்லும் புல்லும் கலந்து கெட்டிச்ச தரை. தண்ணி உள்ள இறங்குற மாதிரி போட்டது. காஞ்சிருந்தா சுகமோ சுகம். வடக்கே சில துண்டுகளை வேலைக்காக அப்பப்போ மூடுவாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி என்பார்க்ஸ் (தேசியப் பூங்காக் கழகம்) இணையப் பக்கத்துல பாத்துட்டுப் போங்க.

நவம்பர் 11

டயர் காத்து பத்தி சுருக்கமா: 40 மில்லிமீட்டர் அகல டயர், ட்யூப்லெஸ் (உள்ள ட்யூப் இல்லாதது), 70 கிலோ ஆளுன்னா முன்னாடி 30 சொச்சம் பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு), பின்னாடி அதைவிட ரெண்டு மூணு கூட. ட்யூப் போட்டிருந்தா இன்னும் கொஞ்சம் ஏத்துங்க, இல்லன்னா வேர்ல இடிச்சு பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். இங்க அடிக்கிற வெக்கைக்கு சீலன்ட் (ட்யூப்லெஸ் டயருக்குள்ள ஓட்டையை அடைக்க ஊத்துற திரவம்) சீக்கிரம் காஞ்சிடும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை வால்வைத் திறந்து பாத்துக்கோங்க.

நவம்பர் 15

"லோங்காங் ஓரமா ஓட்டுறதுல என்ன அழகு இருக்கு"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தார், லோங்காங்னா இங்க வடிகால் கால்வாய். தம்பி, அந்த லோங்காங் ஓரம் இல்லன்னா நம்ம பார்க் கனெக்டரே இல்ல.

கால்வாய்க்கு ரெண்டு பக்கமும் வடிகாலுக்குன்னு ஒதுக்கின நிலம் இருக்கும், தூர் வாரவும் பழுது பாக்கவும். அங்க வீடு கட்ட முடியாது, ரோடும் போட முடியாது, சும்மா கிடந்த இடம். அதையும் ரோட்டோர ஒதுக்கு நிலத்தையும் சேர்த்து பூங்காவுக்கும் பூங்காவுக்கும் பாதை போடலாம்னு யோசிச்சு முதல் பார்க் கனெக்டரை 1992-ல காலாங்ல போட்டாங்க. இன்னிக்கு 370 கிலோமீட்டருக்கு மேல இருக்கு. தண்ணி எப்பவும் கீழ்ப்பக்கம்தான் ஓடும், அதனால ஓரப்பாதைலயும் மேடு கிடையாது. ரயில் தடத்துக்கும் கால்வாய்க்கும் உள்ள ஒத்துமை இதுதான், ரெண்டும் மேட்டுக்கு பயந்தது.

நான் பீஷான்காரன், அதனால காலாங் ஆறு எனக்கு வீட்டு வாசல். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துல தொடங்கி காலாங் பேசின் வரை 10 கிலோமீட்டர், இந்த ஊர்ல இதைவிட நீளமான ஆறு கிடையாது. சின்ன வயசுல நான் பாத்தது ஆறு இல்ல, நேரா வெட்டின சிமெண்ட் வாய்க்கா. பீஷான் அங் மோ கியோ பார்க்ல 2.7 கிலோமீட்டர் சிமெண்ட் வாய்க்காவை உடைச்சு, 3.2 கிலோமீட்டர் வளைஞ்சு நெளிஞ்சு ஓடுற ஆறா மாத்தி 2012-ல திறந்தாங்க. மழை பெஞ்சா தண்ணி புல்வெளி மேல பரவும், வடிஞ்சா திரும்ப ஓடையாகும். நீர்நாய்க் குடும்பம் வந்து குட்டி போட்டுச்சு! சிமெண்டை உடைச்சா உசுரு திரும்ப வரும்னு இந்த ஊர்ல கண்ணால பாத்த இடம் அது. அங்கருந்து கீழ தோ பாயோ, கோலாம் ஆயர் வழியா பேசின் வரைக்கும் ஆத்தோரமாவே போயிடலாம். எல்லாம் கெட்டித் தரைதான், ஒத்துக்கிறேன், ஆனா காலைல 6 மணிக்கு அந்தப் பாதைல போனவங்க அதை வேணாம்னு சொல்லமாட்டாங்க.

கால்வாய்க்குள்ள இறங்கி ஓட்டுற வீடியோ ஒண்ணு யாரோ அனுப்பினாங்க. தயவுசெஞ்சு வேணாம். நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிக்கும், மேல எங்கயோ மழை கொட்டும், தண்ணி நிமிஷத்துல ஏறிடும்.

நவம்பர் 16

கோர்க்கிறதுக்கு ஒரு உதாரணம் கேட்டாங்க. நான் அடிக்கடி போற வழி: பீஷான் பார்க், காலாங் ஆத்தோரம், மரினா, சிங்கப்பூர் ஆறு, அலெக்சாண்ட்ரா கால்வாய்ப் பூங்கா. அது முடியுற இடத்துல கொஞ்ச தூரம் சைக்கிள் பாதையும் நடைபாதையுமா உருட்டி குவீன்ஸ்வே பக்கம் ரயில் காரிடார்ல ஏறணும். அப்படியே புக்கிட் தீமா, ஹில்வியூ. அங்க விலகி டெய்ரி ஃபார்ம், சென்ஹுவா வழியா செஸ்ட்நட், மூணும் காட்டை ஒட்டின பூங்கா. ரோட்டுல வண்டியோட வண்டியா கலக்கவே வேணாம், சிக்னல்ல குறுக்க தாண்டுறது மட்டும்தான். மெதுவா ஓட்டினா அரை நாள். மேற்குல இருக்கவங்க உலு பாண்டான் கால்வாய் ஓரமா வந்து கிம் மோ பக்கத்துல காரிடாரைப் பிடிக்கலாம், அது இன்னும் சுலபம்.

நவம்பர் 19

நடக்குற அங்கிள் ஒருத்தர் கோவமா எழுதியிருந்தார், காரிடார்ல சைக்கிள்காரங்க விர்ருனு போறாங்க, பேரப்பிள்ளையைக் கூட்டிட்டு நடக்கவே பயமா இருக்குன்னு. அவர் கோவம் முழுக்க நியாயம். நாம காரைப் பாத்து என்ன பயப்படுறோமோ அதே பயத்தை அவருக்கு நாம கொடுத்தா, அப்புறம் காரில்லாத பாதைனு பேச நமக்கு என்ன யோக்கியதை இருக்கு.

பார்க் கனெக்டர்லயும் பகிர்ந்துக்கிற பாதைலயும் மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதைல 10. சைக்கிள் பாதை பக்கத்துலயே தனியா ஓடுற நடைபாதை 2025 ஜூலைல இருந்து நடக்குறவங்களுக்கு மட்டும்னு ஆயிடுச்சு, அதுல ஏறாதீங்க. 25-ங்கிறது உச்சம்தான், ஞாயித்துக்கிழமை காலைல கூட்டத்துக்குள்ள 12 கூட அதிகம். பெல் ஒண்ணு கண்டிப்பா மாட்டுங்க, பத்து மீட்டருக்கு முன்னாடியே மெதுவா அடிங்க, வயசானவங்கன்னா "எக்ஸ்கியூஸ் மீ ஆன்ட்டி"ன்னு வாயால சொல்லிட்டு தாண்டுங்க. காதுக்குப் பின்னாடி வந்து அடிச்சா அவங்க அதிர்ச்சில நம்ம பக்கமே நகருவாங்க.

நவம்பர் 23

காடு. இதுல எது கூடும் எது கூடாதுன்னு தெளிவா பிரிச்சுக்கணும்.

மெக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டு நடைப்பாதைகள்ல சைக்கிள் கூடாது. புக்கிட் தீமா மலையேறுற பாதைலயும் கூடாது, மலையைச் சுத்தி தனியா மவுண்டன் பைக் பாதை இருக்கு, அதுல போகலாம். செஸ்ட்நட்ல சைக்கிளுக்குன்னே 8.2 கிலோமீட்டர், நடக்குறவங்க பாதை வேற, நம்ம பாதை வேற. லேசான பகுதியை கிராவல் பைக்ல ஓட்டிடலாம், கஷ்டப் பகுதில கல்லும் வேரும் நீட்டிக்கிட்டு இருக்கும், டிராப் பார் (கீழ வளைஞ்ச ஹேண்டில்) புடிச்சுக்கிட்டு இறங்குறப்போ மணிக்கட்டு கழண்டுரும். இறங்கி உருட்டுங்க. மண்டாய் பக்கம் போற கங்சா டிராக் எனக்கு ரொம்ப பிடிக்கும், அகலமான செம்மண் தடம், ரெண்டு பக்கமும் மரம். ஆனா ராணுவப் பயிற்சி நிலம்னு போர்டு வச்சிருக்க பக்கம் தலையே காட்டாதீங்க.

குரங்கு: சிவப்பு பிளாஸ்டிக் பை தெரிஞ்சா கிட்ட வரும். ஹேண்டில்ல பிராட்டா பொட்டலம் தொங்க விட்டுக்கிட்டு டெய்ரி ஃபார்ம் போன ஒரு கூட்டாளி பசியோட திரும்பினார், குரங்குங்க குழம்பையும் விடல. அதுங்களுக்கு தீனி போட்டா முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், பறிகொடுத்தா கணக்குல வராதுன்னு நம்புவோம்.

நவம்பர் 30

8-ஆம் தேதி எழுதினதைத் திரும்பப் படிச்சேன். அதுல ஒரு இடத்தை இன்னும் நல்லா சொல்லணும்னு தோணுது. கிராவல் பைக்தான் அந்த நடுவுல நிக்குதுன்னு எழுதிருந்தேன். நடுவுல நிக்கிறது உண்மைல டயர்தான்.

இன்னிக்கு கிராஞ்சி பக்கம் ஒரு தம்பியோட பேச்சு கொடுத்தேன், மன்னார்குடிக்காரர், தொழிலாளர் டார்மிட்டரில இருந்து வர்றார், ஞாயித்துக்கிழமை லீவு. அவர் சைக்கிள் பழைய ஸ்டீல் எம்டிபி, முன்னாடி சஸ்பென்ஷன் கூட இல்ல, கூட வேலை பாத்தவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுட்டுப் போனதாம். டயர் ரெண்டு இஞ்ச் அகலம், நடுவுல வழவழப்பா ஓரத்துல மட்டும் பல்லு வச்சது. கிராஞ்சில இருந்து தேக்கா (லிட்டில் இந்தியா) வரைக்கும் முடிஞ்ச அளவு பார்க் கனெக்டர்லயே போறார், சாமான் வாங்கிட்டு திரும்புறார். என் வழியைவிட அவர் வழி நல்லா இருந்துச்சு, எந்த பாலத்துக்கு அடில புகுந்தா எந்த சிக்னல் மிச்சம்னு விரல்விட்டு சொல்றார். "ஊர்ல ஆத்தங்கரை, வாய்க்காங்கரை எல்லாம் கப்பி ரோடுதாண்ணே, பள்ளிக்கூடத்துக்கே அதுலதான் போனோம், இது என்ன புதுசு"ன்னு கேட்டார். டெல்டாக்காரங்க நாலு தலைமுறையா கரையில சைக்கிள் ஓட்டிக்கிட்டு இருக்காங்க, யாரும் அதுக்கு தனி பைக் விக்கல.

அதனால முதல்ல கேட்டவருக்கு என் பதில் இப்போ இப்படி: வீட்டு கீழ கட்டி வச்சிருக்க பழைய எம்டிபியோ ஹைபிரிடோ இருந்தா முள்ளு டயரைக் கழட்டிட்டு 40-ல இருந்து 50 மில்லி அகலத்துல நடுவுல வழவழப்பா இருக்க டயர் மாட்டுங்க, பிரேக் கட்டை மாத்துங்க, ஒரு மாசம் ஓட்டுங்க. அப்புறமும் டிராப் பார் வேணும்னு கை அரிச்சா பைக் வாங்குங்க. கிராவல் பைக் தப்புன்னு சொல்லல, நானே ஆசையாத்தான் வச்சிருக்கேன். அது இருந்தாத்தான் இந்தப் பாதைனு யாரும் நினைச்சுடக் கூடாது.

டிசம்பர் 3

ஹெல்மெட் கேட்டவருக்கு: சட்டப்படி ரோட்டுல ஓட்டினாத்தான் கட்டாயம், 2019 பிப்ரவரில இருந்து. வேருக்கும் கல்லுக்கும் சட்டம் தெரியாது, போட்டுக்கோங்க.

டிசம்பர் 9

மழை பிடிச்சுக்கிச்சு. வடகிழக்கு பருவக்காத்து, இனி ஜனவரி வரைக்கும் இப்படித்தான். இந்த சீசன்ல என் கணக்கு:

செம்மண் தடம் ரெண்டு நாள் காயாம போகமாட்டேன். சேறு ஒட்டும்ங்கிறது ஒரு காரணம், ஈரத்துல ஓட்டினா டயர் கோடு கிழிச்சு அதுல தண்ணி ஓடி பாதையே அரிச்சுப் போகும்ங்கிறது பெரிய காரணம். காரிடார் நடுப்பகுதி தாங்கும், ஆனா அங்கங்க குட்டை நிக்கும். கால்வாய் ஓரம் மழை விட்டு ஒரு மணி நேரத்துல காஞ்சிடும், அதனால டிசம்பர் எனக்கு கால்வாய் மாசம். பலகைப் பாலம், மரத்தளம் எல்லாம் பாசி புடிச்சு எண்ணெய் ஊத்தின மாதிரி இருக்கும், அதுல பிரேக்கும் பிடிக்காதீங்க, ஹேண்டிலும் திருப்பாதீங்க, நேரா உருளுங்க.

ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் வேற கதை, விடியறதுக்கு முன்னாடியே சுமத்ரா பக்கம் இருந்து காத்தும் மழையும் சுருட்டிக்கிட்டு வந்து ரெண்டு மணி நேரத்துல போயிடும். போனில ரேடார் படம் பாத்தா மேற்குல நீளமா பட்டை வர்றது தெரியும். இடி இருந்தா கிளம்பவே கிளம்பாதீங்க, காரிடார்ல ஒதுங்க இடம் ரொம்ப குறைவு, மரத்தடில நிக்கிறது அதைவிட ஆபத்து.

ஓட்டி முடிச்சதும் செயினைத் துடைங்க. நாளைக்குன்னு விட்டா காலைல துரு ஏறியிருக்கும். செம்மண்ணுல இருக்க நுண்ணுமணல் பிரேக் கட்டையை ராவி எடுத்துடும், கட்டை தேஞ்சிருக்கான்னு பாக்காம மழைக்கு அப்புறம் மலைப்பக்கம் போகாதீங்க. அதிக அழுத்தத் தண்ணில பியரிங் பக்கம் பீச்சக் கூடாது, வாளியும் பழந்துணியும் போதும். எச்டிபி அடுக்குமாடி வீட்டு வாசல் நடைவழில கழுவினா பக்கத்து வீட்டுக்காரர் முகம் மாறும், கீழ கொண்டுபோயிடுங்க.

டிசம்பர் 14

கெட்டித் தரை பத்தி மனசு மாறின யோசனை ஒண்ணு, இதைச் சொன்னா என் கூட்டாளிகளே சண்டைக்கு வருவாங்க.

காரிடார் முழுக்க முன்னாடி இருந்த மாதிரியே சேறும் புல்லுமா விட்டிருக்கணும்னு நான் ரொம்ப நாள் வாதாடினவன். தண்டவாளம் எடுத்த புதுசுல, முழங்கால் உயரப் புல்லுல, ஆளே இல்லாத தடத்துல ஓட்டின சுகம் அப்படி. இப்ப அந்தக் கெட்டிச்ச தரையில சக்கர நாற்காலில ஒரு பாட்டியைத் தள்ளிக்கிட்டு வந்த குடும்பத்தை இரும்புப் பாலத்துக்குக் கிட்ட பாத்தேன். பாட்டி சின்ன வயசுல அந்த ரயில்ல கோலாலம்பூர் போன கதையை பேத்திக்கு சொல்லிக்கிட்டு வந்தாங்க. சேறா இருந்திருந்தா அவங்க அங்க வந்திருக்கவே முடியாது. அதுக்காக எல்லாத்தையும் தார் போட்டு மூடுங்கன்னு சொல்லல. தண்ணி இறங்குற தரை, அகலம் அளவா, ஓரம் காடாவே இருக்கட்டும், விளக்கு வேணாம், ராத்திரி அது மத்த உசுருங்களுக்கு. நடுப்பகுதில செஞ்சது ஏறக்குறைய இதுதான். வடக்கயும் இதே அளவோட நிறுத்தினா எனக்கு சம்மதம்.

டிசம்பர் 15

நேத்து எழுதினதுக்கு சண்டை வந்துருச்சு, எதிர்பார்த்ததுதான். "கெட்டித்தரை போட்டா கூட்டம் வரும், கூட்டம் வந்தா காடு போகும்"னு சொல்றாங்க. பயம் புரியுது. ஆனா ஆளே போகாத நிலத்தை இந்த ஊர்ல யாரும் ரொம்ப நாள் சும்மா விடமாட்டாங்க. ஆயிரக்கணக்கான பேர் காலு பட்ட பாதைக்குத்தான் குரல் கொடுக்க ஆள் இருக்கும்.

டிசம்பர் 28

கிழக்குல இருக்கவங்களை மறந்துட்டேன்னு ஒரு அக்கா கேட்டாங்க. மறக்கலக்கா, நல்லதை கடைசில வச்சேன்.

பொங்கோல் நீர்வழி 4.2 கிலோமீட்டர், வெட்டி உண்டாக்கினது, 2011-ல திறந்தாங்க, அது சமதளச் சவாரி, பிள்ளைங்களோட போகலாம். அங்கருந்து கடலோரமா பொங்கோல் ப்ராமினாட்ல செம்மண் பாதை வரும். அப்புறம் லோரோங் ஹாலூஸ், குப்பை மேடா கிடந்து 1999-ல மூடின இடம், இப்ப ஈரநிலம், சிவப்புப் பாலம் தாண்டினா பாசிர் ரிஸ் பக்கம். கோனி தீவுல நல்ல மண் பாதை இருக்கு, ஆனா எந்த வாசல் திறந்திருக்குன்னு பாத்துட்டுப் போங்க. அந்தத் தீவுல தனியா ஒரு காளை சுத்திக்கிட்டு இருந்துச்சு, 2016-ல செத்துப்போச்சு, எங்கருந்து வந்துச்சுன்னு ஊரே பேசிக்கிட்டு இருந்துச்சு.

நெசமான கிராவல் வேணும்னா புலாவ் உபின். சாங்கி பாயிண்ட்ல 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், சைக்கிளுக்கு தனியா காசு. கருங்கல் உடைச்ச குவாரித் தீவு அது, குழியில எல்லாம் இப்ப தண்ணி நிக்குது. ரோடுல பாதி இன்னும் சரளையும் மண்ணும்தான், வேன் எப்பவாச்சும் ஒண்ணு வரும், அவ்ளோதான் வண்டி. கேட்டாம் மவுண்டன் பைக் பார்க் 2008-ல திறந்தது, சுமார் 10 கிலோமீட்டர் பாதை. அந்தத் தீவோட கிழக்கு முனை ஈரநிலம் செக் ஜாவால சைக்கிளை வாசல்லயே பூட்டிட்டு நடந்துதான் போகணும்.

ஜனவரி 4

உபின் ஒண்ணா போகலாமான்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. பொங்கல் முடிஞ்சு வர்ற ஞாயிறு, மழை ரெண்டு நாள் விட்டிருந்தா மட்டும். காலைல 7:30-க்கு சாங்கி ஹாக்கர் சென்டர்ல கோப்பி குடிச்சுட்டு படகேறுவோம். ஸ்பேர் ட்யூப், பம்ப், ரெண்டு பாட்டில் தண்ணி, சில்லறை, கொசு மருந்து. தீவுல சைக்கிள் வாடகைக்கு கிடைக்கும், அதனால சொந்த சைக்கிள் இல்லன்னு யாரும் ஒதுங்க வேணாம். மன்னார்குடி தம்பிகிட்டயும் சொல்லிட்டேன், கூட ரெண்டு பேரை அழைச்சிட்டு வர்றேன்னார். வேகமா ஓட்டணும்னு வர்றவங்க தனியா போயிடுங்க, நாங்க குவாரிக்கு குவாரி நின்னு நின்னுதான் போவோம்.